பிரெஞ்சு உணவுமேசையும் தமிழ்ப் பயணியரும்

அரசர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் படைத்தலைவர்கள் நடத்திய போர்களும் வரலாற்று நூல்களின் பெரும்பகுதியை நிரப்பிவிடுகின்றன. அந்த அரசர்களும் படைத்தலைவர்களும் நாள்தோறும் என்ன உண்டனர், அதனை ஆக்கியவர் யார், பரிமாறியவர் யார், எட்ட நின்று பார்த்தவர் யார் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் இடம் கிடைப்பது அரிது. இரு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் உண்மையாகவே அறிந்துகொண்டனரா என்பதைச் சோதிக்க, உணவுமேசையைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை. ஒருவர் மொழியை மற்றவர் கற்கலாம், வாணிகம் செய்யலாம், ஒரே கொடியின்கீழ்ப் போரிடலாம். ஆயினும் ஒருவர் அடுப்பில் வெந்ததை மற்றவர் உண்ணும் நாள்வரை இடையில் ஒரு சுவர் நின்றுகொண்டே இருக்கும். பிரெஞ்சுக்காரருக்கும் தமிழருக்கும் இடையே அந்தச் சுவர் நின்ற கதையும், அது சரிந்த கதையும் முந்நூறு ஆண்டு நீளம் உடையவை.

விருத்தாசலத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் குறைவே. மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயிலின் உயர்ந்த மதில்களை, கருநாடகப் போர்களின் காலத்தில் படைகள் கோட்டையாகவே கருதின. 1751ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கடலூர் டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் சென்ற துணைப்படையோடு வந்த பிகட், கிளைவ் என்னும் இரு ஆங்கிலேயர், இக்கோயிலை முற்றுகையிட்டிருந்த பாளையக்காரரின் ஆட்களை விரட்டினர் என்பது போர் வரலாறு கூறும் செய்தி. ஆகவே ஐரோப்பியர் அடுப்புப் புகை இவ்வூருக்குப் புதியதன்று. அந்த அடுப்பின் முன் நின்றவர் பெயர்தான் எங்கும் எழுதப்படவில்லை.

சொற்கள் கூறும் சான்று

எழுதப்படாத வரலாற்றைச் சில வேளைகளில் சொற்கள் காத்துவைக்கின்றன. சமையலறையைக் குறிக்கக் ‘குசினி’ என்னும் சொல் தமிழில் வழங்குகிறது. அது போர்த்துக்கீசிய மொழியின் வழியாக வந்தது. அங்கே வேலை செய்தவர் ‘குசினிக்காரர்’ ஆனார். ஈழத் தமிழில் ரொட்டிக்குப் ‘பாண்’ என்று பெயர். அதுவும் போர்த்துக்கீசியச் சொல்லே. பாண் சுடும் பெரிய அடுப்பை ஈழத்தார் ‘போறணை’ என்பர். ‘பிசுக்கோத்து’ என்பதும் அவ்வாறே கடல் கடந்து வந்த சொல். இருமுறை வேகவைத்தது என்பது அதன் மூலப்பொருள். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் கெட்டுப்போகாத உணவாக எடுத்துச்சென்ற கட்டி ரொட்டியே அது. பிற்காலத்தில் தமிழார்வலர் இப்பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினர். தமிழகத்தில் ‘அடுமனை’ என்றும், ஈழத்தில் ‘வெதுப்பகம்’ என்றும் பெயர்ப்பலகைகள் தோன்றின.

இச்சொற்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஐரோப்பிய உணவு இந்நாட்டுக்குள் அறிஞர் வழியாகவோ செல்வர் வழியாகவோ நுழையவில்லை. குசினி வழியாகவே நுழைந்தது. கப்பலில் பொதி இறக்கியவர், மாவு பிசைந்தவர், விறகு தள்ளியவர் நாவில்தான் இச்சொற்கள் முதலில் தமிழாயின. ஆனால் ஏட்டில் இடம்பெற்றவர்கள் வேறு வகையினர்.

முதற்பயணி

பிரான்சு நாட்டைக் கண்ட தமிழருள் வரலாறு பெயர் சொல்லி அறியும் தொடக்ககாலப் பயணி குருவப்பப் பிள்ளை. அவர் தந்தை நைனியப்பப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக இருந்தவர். ஆளுநர் எபேர் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்ட நைனியப்பர் 1717இல் சிறையிலேயே இறந்தார். தந்தையின் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தைத் துடைக்க மகன் கடல் கடந்து பாரிசு சென்றார். அங்கே கிறித்தவராகத் திருமுழுக்குப் பெற்றார். அரசனுக்காக நாட்டை ஆண்டுவந்த ஓர்லேயான் கோமகனே அவருக்கு ஞானத்தந்தையாக நின்றார். புனித மிக்கேல் பெயரிலான வீரப்பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டது. 1722இல் புதுச்சேரி திரும்பிய அவர் தலைமைத் துபாசி ஆனார், 1724இல் மறைந்தார்.

குருவப்பர் பயணநூல் எதனையும் விட்டுச்செல்லவில்லை. எனினும் அவர் கண்டிருக்கக்கூடிய பாரிசை அக்கால வரலாற்றிலிருந்து அறியலாம். 1720 அந்நகருக்குப் பெருங்கலக்கம் விளைந்த ஆண்டு. ஜான் லா என்பவர் வகுத்த காகிதப் பணத் திட்டம் அவ்வாண்டில்தான் சரிந்து விழுந்தது. இந்தியக் கம்பெனியும் அத்திட்டத்தோடு பிணைந்திருந்தது. பணத்தின் மதிப்பு குலையும்போது முதலில் நடுங்குவது ரொட்டியின் விலையே. பாரிசின் ஏழைக் குடும்பம் தன் வருவாயில் பெரும்பங்கை ரொட்டிக்கே செலவிட்டது. தமிழ்நாட்டில் ‘சோறு’ என்னும் சொல் வாழ்வையே குறிப்பதுபோல் பிரெஞ்சு மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல் வாழ்வைக் குறித்தது.

அக்காலப் பாரிசில் இன்று அறியப்படும் உணவகம் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1686இல் தோன்றிய புரோகோப் போன்ற காப்பிக் கடைகள் இருந்தன. சத்திரங்களில் குறித்த நேரத்தில் ஒரே நீண்ட மேசையில் எல்லாரும் அமர்ந்து, வைத்ததை உண்ண வேண்டும். தனி மேசை, விலையோடு எழுதிய உணவுப்பட்டியல், விரும்பிய நேரம் என்னும் வசதிகள் பின்னரே வந்தன. அயலூர்ப் பயணி அந்த நீண்ட மேசையில் அறிமுகமற்றவரோடு தோளுரச அமர்ந்தே தீரவேண்டும். புதுச்சேரியில் பிறந்த ஒருவருக்கு அது எத்தகைய மாற்றம் என்பதை உணர, அவ்வூரின் பந்திமுறையை அறிதல் வேண்டும்.

பந்தியும் மேசையும்

அதனை அறிவதற்கு வாய்த்த பெருஞ்செல்வம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. இவர் நைனியப்பரின் உறவினர். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்து, துய்ப்ளே காலத்தில் தலைமைத் துபாசியாக விளங்கியவர். 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய அவருடைய குறிப்புகள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளைச் சொல்கின்றன. கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, ஆளுநர் மாளிகையில் விருந்து நடந்தது, காப்பி அருந்தினர் என்றெல்லாம் அவர் எழுதுவார். பிரெஞ்சுக்காரரின் விருந்துகளை இத்தனை அருகிலிருந்து கண்ட தமிழர் அந்நாளில் வேறொருவர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே. ஆயினும் அவர் கண்டவரேயன்றி உண்டவர் அல்லர். தம் ஆசாரத்தில் உறுதியாக நின்றவர் அவர். துய்ப்ளேயின் மந்தணங்களை எல்லாம் அறிந்தவருக்கு அவர் வீட்டு ரொட்டியின் சுவை அயலானதாகவே இருந்தது.

1745ஆம் ஆண்டின் குறிப்புகளில் இரு நிகழ்ச்சிகள் கருதத்தக்கவை. அப்போதைய தலைமைத் துபாசியும் கிறித்தவருமான கனகராய முதலியார், உழவர்கரைப் பக்கத்தில் தாம் கட்டிய கோயிலின் விழாவுக்குப் பெருவிருந்து அளித்தார். துய்ப்ளேயும் அவர் துணைவியாரும் வந்தனர். ஐரோப்பியருக்கு மேசையிட்டு உணவு படைக்கப்பட்டது. மற்றவருக்கோ சாதிதோறும் தனித்தனி இடமும் தனித்தனிச் சமையலும் ஏற்பாடு செய்யப்பட்டன. இதனை விரிவாக எழுதும் ஆனந்தரங்கர், கிறித்தவ நெறிக்குரிய விழாவில் இந்துக்களின் முறையைப் பின்பற்றியது பொருந்தாது என்று குறைகூறவும் தவறவில்லை. மற்றொரு நிகழ்ச்சி: சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவரை ஏனையோரிடமிருந்து பிரித்து நின்ற ஒரு சுவர், அவர்களுடைய முறையீட்டின் பயனாக அவ்வாண்டில்தான் அகற்றப்பட்டது.

கற்சுவர் ஒன்று இடிந்த ஆண்டிலேயே பந்திச்சுவர் அப்படியே நின்றது. ஐரோப்பியர் குசினிகளில் பணிசெய்ய உயர்சாதியார் முன்வரவில்லை. மாட்டிறைச்சி தொட வேண்டிய இடம் அது. ஆகவே அப்பணி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களிடமும் கிறித்தவரிடமும் சேர்ந்தது. கோதுமை இக்கடற்கரையில் விளைவதன்று, கடல்வழியே வரவேண்டியிருந்தது. ஐரோப்பியப் புளிப்பு மாவு இவ்வெப்பத்தில் எளிதில் நிலைக்கவில்லை. அதற்கு ஈடாக இந்நாட்டுக் குசினிக்காரர்கள் கள்ளைப் பயன்படுத்தினர். ஆப்ப மாவைப் பொங்கவைத்த அதே கள் ரொட்டி மாவையும் பொங்கவைத்தது. பிரெஞ்சுக்காரர் தம் நாட்டு ரொட்டி என்று எண்ணி உண்டதில் இந்நாட்டுப் பனையும் தென்னையும் கலந்திருந்தன. இந்த அரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் யார் என்று கேட்டால், விடைசொல்ல நாட்குறிப்பு எதுவும் இல்லை.

பசியின் நாட்கள்

மேசை வரலாற்றின் இருண்ட பக்கம் 1760ஆம் ஆண்டின் இறுதியில் எழுதப்பட்டது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டார். கடல்வழியும் அடைபட்டது. நகரில் தானியம் தீர்ந்துவந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி, உண்ணும் வாய்களைக் குறைக்க எண்ணி, ஐரோப்பியருக்குப் பணிவிடை செய்வோர் சிலர் நீங்கலாக எஞ்சியிருந்த நாட்டு மக்களை நகரைவிட்டு வெளியேற்றினார். ஆண், பெண், குழந்தை என ஆயிரத்துக்கும் மேற்பட்டவர் வாயிலுக்கு வெளியே தள்ளப்பட்டனர். ஆங்கிலேயரோ முற்றுகை விரைவில் முடிய வேண்டும் என்னும் நோக்கத்தால் அவர்களைத் திருப்பி அனுப்பினர். இரு படைகளுக்கும் நடுவில், இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் அஞ்சி, அம்மக்கள் புல்லின் வேரைத் தின்று பல நாட்கள் கிடந்தனர். இறுதியில் கூட் மனமிரங்கி வழிவிட்டார்.

தம் உணவை ஆக்கவும் பரிமாறவும் தேவைப்பட்டவரை உள்ளே நிறுத்திக்கொண்டு, அவர்தம் உற்றாரைப் பசியோடு வெளியேற்றியது அந்த ஆட்சி. பல்லாண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒரே பந்தியில் அமராத இரு கூட்டங்களுள் ஒன்று, பஞ்சம் வந்தபோது மற்றதை ‘உண்ணும் வாய்’ என்று மட்டுமே கணக்கிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1761 சனவரி 12இல் உயிர் நீத்தார். அதற்கு நான்கு நாட்களுக்குப் பின் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று; தொடர்ந்து கோட்டையும் மாளிகைகளும் தகர்க்கப்பட்டன. பிரபஞ்சன் தம் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் புதினங்களில் ஆனந்தரங்கர் காலத்தைத் தமிழ் வாசகர்முன் உயிர்பெற்று நடமாடச் செய்தார். அக்காலத்துக் குசினியை மையமாக வைத்து எழுதப்படும் புதினம் ஒன்றுக்கு இடம் இன்னும் இருக்கிறது.

உணவகத்தின் பிறப்பு

1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிவந்தது. இதற்கு அண்மையான ஆண்டுகளில்தான் பாரிசு நகரில் ஒரு புதிய வழக்கம் தோன்றியது. இழந்த உடல்வலிமையை மீட்டுத்தரும் சத்துச்சாற்றுக்கு ‘ரெஸ்தோரான்’ என்று பெயர். ‘மீட்டுத்தருவது’ என்பதே அதன் பொருள். அச்சாற்றை விற்ற கடைக்கும் அப்பெயரே நிலைத்தது. 1766இல் மத்துரேன் ரோசு தெ சாந்துவாசோ என்பவர் திறந்த கடை இவ்வகையில் முதன்மையானது என்பர். நோயாளிக்குக் கஞ்சி கொடுத்த இடமே பின்னர் உலகின் உயர்தர விருந்துக்கூடமாக வளர்ந்தது என்பது நினைக்கத்தக்கது. தனி மேசை, உணவுப்பட்டியல், குறித்த விலை ஆகியவை இங்கே உருப்பெற்றன. சத்திரத்தில் இடத்துக்கு ஏற்ப உண்டவன் இங்கே விருப்பத்துக்கு ஏற்ப உண்டான்.

இப்புதிய பாரிசைக் கண்ட தென்னிந்தியப் பயணிகளுள் குறிப்பிடத்தக்கவர்கள் திப்பு சுல்தானின் தூதர் மூவர். 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய அவர்கள், 1788 சூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கி, ஆகஸ்டு 10ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னனைக் கண்டனர். அவர்கள் தம் சமையற்காரரையும் உடன் கொண்டுசென்றனர். பாரிசின் புகழ்பெற்ற உணவுகளை ஒதுக்கித் தம் நாட்டு முறைப்படி மசாலையிட்டுச் சமைத்ததையே உண்டனர். அவர்கள் உண்ணும் முறையைக் காண்பது அந்நகர மக்களுக்குப் பெரும் வேடிக்கையாயிற்று. புதுச்சேரியில் தமிழர் பிரெஞ்சு மேசையை எட்ட நின்று பார்த்தனர். பாரிசில் பிரெஞ்சுக்காரர் இந்தியப் பந்தியை எட்ட நின்று பார்த்தனர். சுவருக்கு இரு பக்கம் உண்டன்றோ!

பீங்கான் நகர மக்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் இத்தூதில் உண்டு. செவ்ர் என்னும் ஊரிலுள்ள அரசுப் பீங்கான் தொழிற்சாலையைத் தூதர்கள் கண்டனர். அங்குச் செய்த பொருள்கள் அவர்களுக்குப் பரிசாக வழங்கப்பட்டன. தம் நாட்டுக்கு அனுப்புமாறு திப்பு வேண்டிய கைவினைஞர் பட்டியலில் பீங்கான் செய்வோரும் இடம்பெற்றனர். பிரான்சில் வெண்களிமண் 1768இல் லிமோசு நகருக்கு அருகே கண்டறியப்பட்டிருந்தது. அதன்பின் அந்நகரத் தட்டும் கிண்ணமும் பிரெஞ்சு மேசையின் அடையாளமாயின. மண்ணையும் மாவையும் பிசைபவர் தொழில்கள் உடன்பிறந்தவை. நீரின் அளவு பிழைத்தால் இரண்டும் பிளக்கும். வெப்பம் பிழைத்தால் இரண்டும் கெடும். சூளைக்காரரும் ரொட்டி சுடுபவரும் கண்ணால் பார்த்தே தீயின் பதம் அறிவர்.

தூதர்கள் கண்ட பகட்டு ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1788இல் விளைச்சல் பொய்த்தது. 1789இல் ரொட்டி விலை ஏறியது. அவ்வாண்டு அக்டோபர் 5இல் பாரிசின் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தே சென்றனர். மறுநாள் மன்னனையும் அரசியையும் பாரிசுக்கு அழைத்துவந்தனர். 1793 நவம்பரில், செல்வருக்கு வெள்ளை ரொட்டி, ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்னும் வேறுபாடு இனிக் கூடாது, அனைவருக்கும் ஒரே ‘சமத்துவ ரொட்டி’ என்று ஆணை பிறந்தது. ஆணை நெடுநாள் நிற்கவில்லை. எனினும் உணவில் வேற்றுமை நீதிக்கு முரண் என்னும் எண்ணம் சட்டத்தின் மொழியில் ஒலித்தது பெருநிகழ்ச்சியே.

தோசைக்கு ஒரு தொலைதூர உறவு

பிரெஞ்சு உணவு என்றவுடன் பாரிசையே நினைப்பது வழக்கம். புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் புறப்பட்டதோ பிரிட்டனி மாநிலத்தின் லோரியான் துறைமுகத்திலிருந்து. கிழக்கு நாட்டு வாணிகத்துக்காகவே 1666இல் எழுந்த அவ்வூர் தன் பெயரிலேயே கிழக்கைச் சுமந்து நிற்கிறது. கம்பெனிக் கப்பல்களின் மாலுமிகளில் பலர் பிரித்தானியர் அல்லர். பிரிட்டனி மண்ணின் பிரெத்தோன் மக்கள். அவர்தம் தாயக உணவு, கோதுமை மாவில் மென்மையாக வார்க்கும் ‘கிரேப்’பும், கருங்கோதுமை எனப்படும் தானியத்தின் மாவில் வார்க்கும் ‘கலெத்’தும் ஆகும். பெயரில் கோதுமை இருப்பினும் அது கோதுமை இனத்தைச் சார்ந்ததன்று. வளமற்ற நிலத்திலும் விளைந்து ஏழையின் பசியாற்றிய பயிர் அது. தமிழ்நாட்டின் கேழ்வரகையும் கம்பையும் போன்றது.

பிரிட்டனிக்குச் செல்லும் தமிழ்ப் பயணி கிரேப் கடையின்முன் நின்றால் தன் ஊர் நினைவைத் தவிர்க்க இயலாது. வட்டமான இரும்புக்கல், அதற்குப் ‘பிலிக்’ என்று பெயர். அதில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, மரத்தாலான சிறு தேய்ப்பானால் மெல்லியதாக வட்டம் இழைப்பர். ஓரம் சிவந்ததும் எடுத்துத் திருப்புவர். உள்ளே முட்டை, பாலாடைக்கட்டி, பன்றியிறைச்சி வைத்து நான்கு பக்கமும் மடித்தால் உணவு. வெண்ணெயும் சர்க்கரையும் தடவினால் இனிப்பு. உடன் ஆப்பிள் பழத்திலிருந்து புளிக்கவைத்த பானத்தைச் சுட்டமண் கிண்ணத்தில் ஊற்றித் தருவர். பிப்ரவரி 2ஆம் நாள் திருவிழாவில் கையில் ஒரு காசைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கிரேப்பைச் சுண்டித் திருப்பினால் ஆண்டு முழுதும் செல்வம் தங்கும் என்பது அவர் நம்பிக்கை.

தோசை அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்தது. கிரேப்போ பாலும் முட்டையும் கலந்து வார்ப்பது. இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தவை அல்ல. சூடான கல்லில் மாவை மெலிதாக ஊற்றினால் விரைவில் வேகும், விறகு மிச்சப்படும் என்பதை இரு நாட்டு ஏழைத் தாய்மாரும் தனித்தனியே கண்டறிந்தனர் என்பதே உண்மை. மேசையும் பந்தியும் பிரித்து வைத்த மக்களை அடுப்பங்கரை ஒன்றாகவே காட்டுகிறது.

கடந்து சென்றவர்கள்

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் தமிழரிடையே சுவரைக் கடப்பதற்கான வேட்கை வெளிப்படையாயிற்று. 1881இல் வந்த ஓர் ஆணைப்படி, விரும்பியவர் தம் சாதி, சமய வழிப்பட்ட தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாம். அவ்வாறு துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைச் சூடிக்கொண்டனர். இவ்வியக்கத்தில் முன்நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணி அணிந்து வழக்குமன்றம் புகுந்ததற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிசு உயர்மன்றம்வரை வழக்காடி வென்றவர் அவர். காலணி அணியும் உரிமைக்கே அத்தகைய போராட்டம் தேவைப்பட்டதெனில், சமமாக மேசையில் அமரும் உரிமை எத்துணை அருமையாக இருந்திருக்கும்!

இவ்வாறு கடந்தவர்களின் இல்லங்களில் இரு நாட்டுச் சமையலும் கலந்தன. புதுச்சேரிக் கிறித்தவர் கிறிஸ்துமசுக்குச் செய்யும் ‘விவிக்கம்’ என்னும் கேக்கில் ரவையும் முந்திரியும் வெண்ணெயும் மதுவில் ஊறிய பழங்களும் ஒன்றுகூடுகின்றன. தொழில் நாடிச் சைகோன் சென்ற புதுச்சேரியார் அங்கே பிரெஞ்சு ரொட்டி வியட்நாமியரின் தெருவுணவாக மாறியதைக் கண்டனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய ‘சொல்தா’க்கள் காலையில் நீண்ட ரொட்டியைக் காப்பியில் தோய்த்து உண்ணும் வழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான மாற்றமும் நிறைவுற்றது. கொடி இறங்கிய பின்னரும் அடுப்பு அணையவில்லை.

பாரிசின் போறணையில்

இன்று பாரிசு செல்லும் பயணி காலையில் தெருவில் இறங்கினால், ரொட்டிக்கடைமுன் வரிசையைக் காண்பார். 1993 செப்டம்பரில் வந்த ஆணையின்படி ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்னும் பெயருக்கு உரியது எவ்வித வேதிச்சேர்க்கையும் இன்றி, மாவை உறையவைக்காமல் செய்யப்பட வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவு பிசைவதும் சுடுவதும் அவ்விடத்திலேயே நிகழும் கடையே ‘ரொட்டிக்கடை’ என்னும் பலகையை வைத்துக்கொள்ளலாம். மேற்புறம் மொறுமொறுப்பாக, உள்ளே சமமற்ற துளைகளோடு, பாலேடு நிறத்தில் இருப்பது நல்ல ‘பாகெத்’தின் இலக்கணம். அருகில் அடுக்கிய பிறைவடிவக் ‘குருவாசான்’ வியன்னாவைப் பூர்வீகமாக உடையது. ஆகஸ்ட் சாங் என்னும் ஆஸ்திரியர் 1830களின் இறுதியில் பாரிசில் திறந்த கடையே அதற்கு அங்கு வழிவகுத்தது. பிரான்சின் அடையாளமாக உலகம் கருதும் பண்டமே வந்தேறி என்பது, வந்தேறிகளைப் பழிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

1983க்குப்பின் ஈழத்திலிருந்து ஏதிலிகளாகப் பாரிசு சேர்ந்த தமிழர் பலருக்குக் கிடைத்த முதல் வேலை உணவகக் குசினியில் தட்டுக் கழுவுவதே. விருந்துண்போர் முன்வாயிலால் நுழைய, அவர்கள் பின்வாயிலால் நுழைந்தனர். கழுவியவர் காய் நறுக்கினார். நறுக்கியவர் சமைக்கக் கற்றார். லா சப்பெல் பகுதியில் தமிழ்க் கடைகள் பெருகின. இந்நிலையில், 1994 முதல் பாரிசு நகரம் ஆண்டுதோறும் நடத்திவரும் சிறந்த பாகெத் போட்டியில் 2023ஆம் ஆண்டின் முதற்பரிசை ஈழத்தில் பிறந்த தமிழரான தர்சன் செல்வராசா வென்றார். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் கால் கிலோ எடையும் உடைய அந்த ரொட்டியின் தோற்றம், வேக்காடு, உட்பகுதி, மணம், சுவை ஆகியவற்றை நடுவர்கள் தனித்தனியே மதிப்பிட்டுத் தேர்ந்தனர். பரிசுப்பணம் நாலாயிரம் யூரோ. அதனினும் பெரிய சிறப்பு, நாட்டின் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஓராண்டுக் காலம் ரொட்டி அளிக்கும் உரிமை. பாகெத் செய்யும் கைத்திறனை 2022இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட மறுஆண்டில் இது நிகழ்ந்தது. 2024இல் ஒலிம்பிக் சுடரை ஏந்திச்சென்றோர் வரிசையிலும் அவர் இடம்பெற்றார்.

இது ஒருவர் பெற்ற வெற்றி மட்டுமன்று. குருவப்பர் நீதி கேட்டுப் பாரிசு சென்றார். அதனைப் பெறத் தம் சமயத்தையும் பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆனந்தரங்கர் மேசையருகே நின்று எல்லாவற்றையும் எழுதினார், தொட்டதில்லை. கள்ளால் மாவைப் பொங்கவைத்த குசினிக்காரர் மேசையை நாள்தோறும் நிறைத்தார். அவர் பெயர் பதிவாகவில்லை. முற்றுகையில் வெளியேற்றப்பட்டவர்க்குப் புல்லின் வேரே உணவாயிற்று. முந்நூறு ஆண்டு கழிந்தபின், ஆட்சித்தலைவரின் மேசைக்குச் சென்ற ரொட்டியோடு அதனைச் சுட்ட தமிழரின் பெயரும் சேர்ந்தே சென்றது. பந்தியில் இடம் கிடைத்ததைவிடப் பெரிது, ஆக்கியவருக்குப் பெயர் கிடைத்தது.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் உருவாகும் கிண்ணங்களும் சிறு பொம்மைகளும் பல ஊர்களின் இல்லங்களைச் சென்றடைகின்றன. அவற்றை வனைந்தவரின் பெயர் அவற்றோடு செல்வதில்லை. இவ்வூரின் சூளைகளில் வெந்த கைகளைப் பற்றியும், பழைய சத்திரங்களிலும் குசினிகளிலும் உழைத்தோரைப் பற்றியும் முதியோர் நினைவில் எஞ்சியிருப்பவற்றைத் தொகுப்பது இலக்கிய அமைப்புகள் மேற்கொள்ளத்தக்க பணி. உண்டவர் எழுதிய வரலாறு போதிய அளவு கிடைத்திருக்கிறது. ஆக்கியவர் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.